இயந்திரமும் தோட்டாதான்

ஆயுதச் சட்டத்தைப் படிக்கிற வேலை எனக்கு வந்திருக்கவே கூடாது. நான் எழுதுவது வங்கிகளுக்கான மென்பொருள். ஆனாலும் 2016இல் ஒரு நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இரவு இரண்டு மணி வரைக்கும் 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு இரும்பு இயந்திரம்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொற்களுக்கு விளக்கம் சொல்கிறது. 'அம்யூனிஷன்' என்றால் என்ன? நாம் பேச்சில் தோட்டா என்று முடித்துவிடுவோம். சட்டம் அப்படி முடிப்பதில்லை. ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு என்று ஆரம்பித்து, துப்பாக்கிக்குப் போடும் மருந்து, அந்த மருந்துக்கான துணைச் சாமான்கள் என்று இறங்கி, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் தோட்டாவே. மூன்றாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருக்கக் கூடாது. ஐந்தாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தயாரிக்கக் கூடாது. ஆக, ஒரு குண்டும் ஒரு சிட்டிகை மருந்தும் இல்லாமல் வெறும் இயந்திரம் மட்டும் ஒருவன் வீட்டில் இருந்தாலும், சட்டத்தின் எழுத்துப்படி அவன் வீட்டில் தோட்டா இருக்கிறது.

அன்று மாலை நான் பார்த்துவிட்டு வந்தது அப்படிப்பட்ட ஒரு இயந்திரத்தைத்தான். வாடிக்கையாளர் நிறுவனத்தில் என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர் சனிக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் கார் ஷெட்டுக்கு அழைத்துப்போனார். மர மேசை, அதன் விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கிய பழைய இரும்பு பிரஸ் ஒன்று, பக்கத்தில் டப்பா டப்பாவாகக் காலி பித்தளைக் கூடுகள். அவர் போட்டித் துப்பாக்கிச் சுடுதலுக்குப் போகிறவர். 9 மி.மீ. பிஸ்டல். வாரத்துக்குச் சில நூறு தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, கூடுகளைப் பொறுக்கி வந்து, இந்த மேசையில் உட்கார்ந்து திரும்பவும் தோட்டாவாக்குவார். இப்போது பழைய பிரஸ்ஸை மாற்ற வேண்டும். இரண்டு மாடல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஆறு மாதமாக யோசிக்கிறார். "நீ இன்ஜினியர்தானே, நீ எதை எடுப்பாய்?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. துப்பாக்கி பிடித்ததா என்றால், இல்லை. ஆனால் அந்த இயந்திரம் பிடித்திருந்தது.

ஒரு தோட்டா நாலு பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்கிற சின்ன வெடிக்கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது கூடு. நாலில் விலை அதிகமானதும் அதுதான். வீட்டில் தோட்டா செய்கிறவர்களின் முழுக் கணக்கும் இந்த ஒரு உண்மையில் நிற்கிறது. சுட்டபோது கூடு கொஞ்சம் உப்பிவிடும். அதை ஒரு டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செத்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பதிக்க வேண்டும். மருந்து, பிறகு குண்டு, பிறகு வாயை இறுக்குவது.

சாதாரண பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டைதான். நூறு கூடுகளையும் முதல் டையில் அழுத்திவிட்டு, டையை மாற்றி, மறுபடி நூறையும் அடுத்த வேலைக்கு விட வேண்டும். பொறுமைசாலிகளின் இயந்திரம். புரோகிரசிவ் பிரஸ் என்பது வேறு. வட்டத் தட்டு ஒன்றில் நாலைந்து கூடுகள் ஒரே சமயத்தில் நிற்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் மேலே ஒவ்வொரு டை. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் முதல் கூடு அளவுக்கு வரும், அதே இழுப்பில் அடுத்ததில் மருந்து விழும், அதற்கடுத்ததில் குண்டு இறங்கும், கடைசியில் வாய் இறுகும். தட்டு ஒரு படி திரும்பும். தட்டு நிறைந்துவிட்ட பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா தட்டில் 'டங்' என்று விழும். கை பழகியவர்கள் மணிக்கு 400க்கு மேல் செய்கிறார்கள். கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், செயலியின் பைப்லைன். ஒரு வேலை முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த வேலையின் முதல் படியைத் தொடங்கிவிடுவது. இரண்டாம் ஆண்டில் வகுப்பறைப் பலகையில் பார்த்ததை எண்ணெய் வாசனையோடு பார்த்தேன்.

அவருடைய குழப்பம் அந்தத் தட்டைத் திருப்புவதில் இருந்தது. ஒரு மாடலில் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். இன்னொன்றில் கைப்பிடி ஏறி இறங்கும்போது தட்டு தானாகத் திரும்பும். தானாகத் திரும்புவதுதான் வேகம், அதை வாங்குவதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் கையால் திருப்புகிற இயந்திரத்தில் எங்காவது சிக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பார்த்து, சரிசெய்துவிட்டுத் தொடரலாம். தானியங்கியில் சிக்கினால் ஐந்து கூடும் ஐந்து வெவ்வேறு நிலையில் நிற்கும். எது எங்கே நின்றது என்று நினைவு வைக்க வேண்டும். மறுபக்கம், கையால் திருப்புவதில் மறதி வரும். கவனம் சிதறி, தட்டைத் திருப்பாமல் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துவிட்டால் அதே கூட்டில் இரண்டு மடங்கு மருந்து.

இது சின்ன விஷயமில்லை. பிஸ்டலுக்கான புகையில்லா மருந்து மிகக் கொஞ்சமே தேவைப்படும், கூட்டின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. அதைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே கிழியும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்து. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு பாதிக் குழல் வரை போய் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதோடு கதை முடிந்தது. அதனால்தான் சில இயந்திரங்களில் மருந்தின் உயரத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிலையை ஒதுக்குகிறார்கள். அளவு மாறினால் கீச்சென்று சத்தம் போடும். அவருக்கு அந்த நிலை உள்ள இயந்திரத்தைச் சொன்னேன். வேகத்துக்காகச் சொல்லவில்லை. மனிதனின் கவனத்தை நம்பி ஒரு அமைப்பைக் கட்டக் கூடாது என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்.

இந்த இயந்திரங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930களிலேயே கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டார் என்ற பட்டறை புரோகிரசிவ் பிரஸ் செய்து விற்றது. விலை அதிகம், அதனால் காவல்துறைகளும் சுடும் சங்கங்களும்தான் வாங்கின. 1943இல், உலகப்போரால் கடைகளில் தோட்டா கிடைக்காத காலத்தில், அதே மாநிலத்தில் ஃபிரெட் ஹன்டிங்டன் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். 1958இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டித் தட்டியே தோட்டா செய்கிற கைக்கு அடக்கமான ஒரு செட்டை விற்க ஆரம்பித்தார். பிறகு 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஐப்சிக் என்ற சர்வதேசச் சங்கம் பிறந்தது. ஓடிக்கொண்டே, குனிந்துகொண்டே, கடிகாரத்துக்கு எதிராகச் சுடும் போட்டி. அதற்குப் பயிற்சி எடுக்க ஆயிரக்கணக்கில் தோட்டா வேண்டும். சம்பளக்காரனால் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அந்தப் பசிக்குத்தான் அரிசோனாவின் மைக் டில்லன் போன்றவர்கள் வீட்டு மேசையில் வைக்கிற விலைக்கு புரோகிரசிவ் பிரஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். போரும் பஞ்சமும் விளையாட்டும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் இது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1866இல் இரண்டு பேர், கடலுக்கு இருபுறமும், தனித்தனியாக பிரைமரை வடிவமைத்தார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் ஒருவர், அமெரிக்காவின் ஹைரம் பெர்டன் ஒருவர். பாக்ஸருடையதில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. ஊசியை விட்டால் செத்த பிரைமர் வெளியே வந்துவிடும். பெர்டனுடையதில் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள், ஊசி நுழையாது. வெள்ளைக்காரர் செய்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கர் செய்ததை ஐரோப்பிய ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. வீட்டில் தோட்டா செய்கிற பழக்கம் அமெரிக்காவில் அவ்வளவு செழித்ததற்கு அரசியலமைப்புத் திருத்தத்தை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒற்றைத் துளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன். அவள் கொஞ்சங்கூட ஆச்சரியப்படவில்லை.

"இதுக்கு எதுக்குடா மெஷினு? உங்க தாத்தா பரண் மேல உக்காந்துக்கினு இருட்டுலயே கெட்டிப்பாரு."

*

பென்னாகரம் பக்கம், காடு தொடங்குகிற இடத்தில் தாத்தாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. கேழ்வரகு, கல்லக்காய். காட்டுப்பன்றிக்குக் கல்லக்காய் என்றால் உயிர். ஒரு ராத்திரி கண்ணசந்தால் மூட்டைக் கணக்கில் போய்விடும். அதற்காக உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வாய் வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல். கெட்டிப்பது என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து, கெஜக்கோலால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார், மறுபடி இடி. குதிரையைத் தூக்கி, அடியில் ஒரு செம்புக் கேப்பை மாட்டினால் தயார். குழலுக்கு வெளியே தோட்டா என்று ஒரு பொருளே கிடையாது. குழலுக்குள்தான் ஒவ்வொரு முறையும் அது பிறக்கிறது.

அப்படியென்றால் வாய்வழித் துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொருவனும் தோட்டா தயாரிப்பாளன்தான். வாய்வழித் துப்பாக்கிகளின் காலம் முழுக்க உலகத்தின் வேட்டைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். உலோகத் தோட்டா வந்த பிறகுதான் சுடுகிறவன் வேறு, செய்கிறவன் வேறு என்று ஆனது. அரிசோனாவின் கார் ஷெட் இயந்திரம் அந்தப் பிரிவை ஒட்டவைக்கிற முயற்சி. என் தாத்தாவுக்கு அந்தப் பிரிவே நடக்கவில்லை.

ஆனால் அவரும் முழுச் சுதந்திரர் இல்லை. கேப்பை ஊரில் செய்ய முடியாது, உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். 1807இல் ஸ்காட்லாந்தின் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பளிச்சிடலைப் பார்த்துப் பறவைகள் தப்பித்தன என்பதுதான் அவருடைய கவலை, பாதிரியார் தீவிர வேட்டைக்காரர். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து செம்புக் கேப் வந்தது. சிக்கிமுக்கிக் கல் இருந்தவரை துப்பாக்கிக்காரன் ஆற்றங்கரையில் கல் பொறுக்கிக்கொள்ளலாம். கேப் வந்த நாளிலிருந்து எங்கோ ஒரு தொழிற்சாலை அவனுக்குப் படியளக்க வேண்டும். அரிசோனாக்காரரும் அப்படித்தான். கூடு அவருடையது, குண்டை அவரே வார்த்துக்கொள்ளலாம், பிரைமரை மட்டும் வாங்கியாக வேண்டும். 2020இல் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் பிரைமர் கிடைக்காமல் போனதும் ஆயிரக்கணக்கான வீட்டு இயந்திரங்கள் சும்மா நின்றன. எங்கள் வேலையில் இதற்கு 'டிபென்டன்சி' என்று பெயர். நாலாயிரம் வரி நிரலை நீங்களே எழுதியிருப்பீர்கள், யாரோ ஒருவருடைய பத்து வரி நூலகம் காணாமல் போனதும் மொத்தமும் நின்றுவிடும்.

*

யார் தோட்டா செய்வது என்ற கேள்விக்காக இந்த நாட்டில் ஒரு பெரிய போரே நடந்திருக்கிறது. 1857ஐப் பள்ளிப் புத்தகம் கொழுப்புத் தடவிய தோட்டா என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அந்த இரண்டு வரிக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. என்ஃபீல்ட் ரைஃபிளின் தோட்டா காகிதப் பொட்டலம். அதைக் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகக் கொழுப்பு. அது பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு டம்டம்மில் கிளம்பியதும், 1857 ஜனவரி கடைசியில், ராணுவச் செயலாளர் கர்னல் பர்ச் ஒரு உத்தரவு போட்டார். கிடங்கிலிருந்து தோட்டாவைக் கொழுப்பில்லாமல் கொடுத்துவிடுவது, சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமானதைத் தாங்களே தடவிக்கொள்வது.

அதாவது, கடைசிப் படியை மட்டும் நீ வீட்டில் செய்துகொள் என்றார்கள். அது போதவில்லை. சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது? பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆவது படைப்பிரிவு தோட்டாவுக்கான கேப்பை வாங்க மறுத்தது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஒரு பொருளை எங்கோ, யாரோ, எதையோ வைத்துச் செய்கிறார்கள், அதை நான் வாயில் வைக்க வேண்டும் என்கிற நிலைமையில் ஒரு உத்தரவால் நம்பிக்கையை உண்டாக்க முடியாது. சாப்பாட்டுப் பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தைப் படிக்கிற நமக்கு இது புரியும்.

அதற்குப் பின் பிரிட்டிஷ் அரசு கற்றுக்கொண்ட பாடம் வேறு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரைஃபிளைக் கொடுக்காமல், என்ஃபீல்டின் குழலை மழமழவென்று கடைந்து, குறி தவறும் துப்பாக்கியாக்கி 1858இல் கொடுத்தார்கள். வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பதைவிட இந்தியச் சிப்பாயின் கையில் இருப்பது எப்போதும் ஒரு தலைமுறை பழையதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 1869இல் புனே பக்கம் கிர்கியில் தோட்டாத் தொழிற்சாலை வந்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு.

தமிழ்நாட்டில் இது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். தருமபுரி அப்போது பாராமகால். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி வாங்கிக்கொண்ட சீமை. தாமஸ் மன்றோ தருமபுரியில் உட்கார்ந்து வயல் வயலாக அளந்து வரி போட்டுக்கொண்டிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. நிலத்தின் கணக்கு முதலில், ஆயுதத்தின் கணக்கு அடுத்து. எந்த அரசுக்கும் வரிசை அதுதான் போல.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். காவிரி தலைக்காவிரியில் பிறக்கிறது. அது குடகு. குடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும், துப்பாக்கி உரிமத்திலிருந்து பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் 1959 சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் அது தொடர்ந்தது. 2019இல் இன்னும் பத்தாண்டுக்கு, 2029 வரை நீட்டித்தார்கள். கைல் பொளுது திருநாளில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அதே காவிரி ஒகேனக்கல்லில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே ஆற்றோரக் கிராமத்தில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் கைது. தண்ணீருக்கு மட்டும்தான் மேல்மடை, கீழ்மடை என்று நினைத்திருந்தேன்.

*

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. காந்தி பிறந்தநாளில் பிறந்த மாவட்டத்தின் பெயர் வெளியுலகத்துக்குத் துப்பாக்கியோடு சேர்ந்துதான் போனது. வீரப்பனைப் பற்றி இங்கே நீட்ட விரும்பவில்லை, அவர் பேரில் எழுதப்பட்ட பக்கங்களே காட்டை நிரப்பும். தோட்டாக் கணக்கில் மட்டும் ஒன்று. யானையும் கடத்தலும் நாட்டுத் துப்பாக்கியோடு தொடங்கியவை. காவல்துறையோடு மோத அது போதாது, கெட்டித்து முடிப்பதற்குள் எதிராளி பத்து முறை சுட்டுவிடுவான். அதனால் 1992இல் கர்நாடகத்தின் ராமாபுரா காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனது அந்தக் கும்பல். தொழிற்சாலைத் தோட்டாவுக்கு மாறுவது என்றால் காட்டுக்குள் இருந்தவனுக்கும் அரசாங்கக் கிடங்குதான் வழி. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி பக்கத்தில் எல்லாம் முடிந்தது.

அந்த வருடங்களில் தாத்தா பட்ட பாடு தனி. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பக்கத்தில் தேர்தல் இல்லாத மாதங்களிலும் யாராவது வந்து குழலை மோந்து பார்ப்பார்கள். "எப்பச் சுட்ட? எதுக்குச் சுட்ட? எத்தன கேப்பு மிச்சம் இருக்குது?" அவர் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பன்றியைச் சுட்டால் வேறு வழக்கு. சத்தத்துக்காகத்தான் துப்பாக்கி. சத்தத்துக்காக இவ்வளவு கணக்கு.

ஆனால் 1959 சட்டத்தை எழுதியவர்களுக்கு என் தாத்தா போன்றவர்களைத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அந்த விடுதி அறையில் நான் கண்டுபிடித்த ஆச்சரியம். 13ஆம் பிரிவு, யாருக்கெல்லாம் உரிமம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகைத் துப்பாக்கி. ஆக, ஒரே சட்டத்தில் ஒரு விவசாயி ஒவ்வொரு வெடியையும் தன் கையால் கெட்டித்துக்கொள்ள இடமிருக்கிறது. பித்தளைக் கூட்டில் மருந்தை நிரப்புவதற்குத் தனியாகத் தயாரிப்பு உரிமம் கேட்கிறது. இதை முரண் என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தேன். பிறகு யோசித்தால், முரண் இல்லை. அரசுக்கு மருந்து பயமில்லை, வேகம்தான் பயம். நிமிடத்துக்கு ஒன்று கெட்டிக்கிறவனை எண்ணி வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 400 என்பது வேறு கணக்கு. 2019 திருத்தம் உரிமமில்லாத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனையை ஏற்றியது. அதே திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டானது.

இதில் எனக்கு இரண்டு மனசு. துப்பாக்கிகளைக் கையிலெடுத்த ஒரு தேசம் தன் பள்ளிக்கூடங்களில் என்ன பாடுபடுகிறது என்பதை அந்த அரிசோனா நாட்களில் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த பிரஸ் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர்ச் செய்தித்தாளில் உள்பக்கத்தில் வருகிற அந்தச் சின்னப் பத்தியையும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. காட்டோரக் கிராமம், நாட்டுத் துப்பாக்கி, வெடிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல், இன்னார் கைது. வயது இருபத்து மூன்று, இருபத்தைந்து. காவல்துறையும் வனத்துறையும் ஒப்படைத்துவிடுங்கள், வழக்கு வேண்டாம் என்று தண்டோரா போட்டால், பெயர் சொல்லாமல் ஊர்ப் பொது இடத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போகிறார்கள். துருப்பிடித்த குழல்கள், சைக்கிள் டியூபால் கட்டிய கட்டைகள். அந்தப் புகைப்படங்களில் வரிசையாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் ஆயுதக் குவியல் மாதிரி இருக்காது. பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும்.

விளையாட்டு வீரர்களுக்காவது வீட்டுத் தயாரிப்பு வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இங்கே பதில் எளிது. ஒலிம்பிக்கில் பிஸ்டல் என்றால் 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி, 25 மீட்டரில் .22. காற்றுக்கு மருந்தே கிடையாது. .22 தோட்டாவில் பிரைமர் தனியாக இல்லை, வெடிக்கூழ் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை அடிபட்டு நசுங்கிய விளிம்பை வீட்டு பிரஸ்ஸில் வைத்து மறுபடி நிரப்ப முடியாது. 2012இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளி வாங்கித் தந்தது அந்த .22இல்தான். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் வரை போனது ஷாட்கன்னோடு. நம் வீரர்களின் குறை தோட்டாவின் இறக்குமதியும் விலையும் அனுமதிக் கடிதங்களும். அதை மேசையில் போல்ட் போட்டு முடுக்கிச் சரிசெய்ய முடியாது.

தமிழ்நாட்டில் மருந்து செய்கிற இடம் ஒன்று சட்டப்படியே இருக்கிறது. ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் வருகிற அருவங்காடு. 1903இல் அங்கே கார்டைட் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1889இல் ஏபெலும் டியூவாரும் இங்கிலாந்தில் கண்டுபிடித்த புகையில்லா மருந்து அது. கயிறு மாதிரித் திரித்து வருவதால் கார்டைட். மருந்தைக் கண்டால் நாடே பயந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு மலையடுக்கின் மடிப்பில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தமிழர்கள் ஷிஃப்ட் போட்டு மருந்து செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். கல்லூரிச் சுற்றுலாவில் அந்த ரயில் நிலையத்தில் இறங்கிப் போட்டோ எடுத்திருக்கிறேன், பலகைக்குப் பின்னால் இருந்த வேலியைக் கவனிக்கவில்லை.

அரிசோனாக்காரர் கடைசியில் நான் சொன்னதை வாங்கவில்லை. கையால் திருப்புகிற மாடலைத்தான் வாங்கினார். "ஐந்து வேலை ஒரே நேரத்தில் நடப்பதை என்னால் பார்க்க முடியாது, ஒன்றைப் பார்க்க முடியும்" என்றார். அறுபத்தெட்டு வயது. அவர் சொன்னதில் தப்பில்லை.

தாத்தா 2011இல் போனார். உரிமம் அவரோடு போயிற்று. மாமா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். கெஜக்கோல் குழலோடேயே போய்விட்டது. மிஞ்சியது, மருந்து அளக்க அவர் வைத்திருந்த விரல் நீளப் பித்தளைக் குப்பி ஒன்று. பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்த்து, கன்றுக்குட்டிக்கு வயிற்றுக்கு ஆகாதபோது கஷாயம் ஊற்ற வைத்திருக்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சும்மா இருக்க முடியாமல், சட்டத்தில் மருந்துக்கான துணைச் சாமானும் தோட்டாதான் என்று போட்டிருக்கிறது, இது ஒருவேளை அதில் வரும் என்று சொன்னேன். பாட்டி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மருந்து அளக்கறதுதான? இப்பவும் மருந்துதான்டா அளக்கறன்" என்று சொல்லிவிட்டுக் கன்றின் வாயைப் பிளக்கச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன்.